ஆற வைத்த கல்

கன்னிகா ஈரச் சாக்குக்கு அடியில் கையை விட்டுக் கல்லைத் தடவுகிறாள். உள்ளங்கையில் ஈரம் ஒட்டினால்தான் அடுத்த அடுக்குக்கு நகர்வாள். ஒட்டாவிட்டால் தண்ணீர் ஊற்றும் முனிரத்னத்துக்கு வசவுதான்: "இன்னாப்பா, கல்லுக்குத் தாகம் எடுக்காதா? நீ மட்டும் மோர் குடிச்சிக்கினு குந்திக்கினு கீற?"

ரேணிகுண்டாவுக்கு வெளியே ஒரு மண்கல் களத்தில் அவள் சூப்பர்வைசர். திருத்தணியிலிருந்து தினமும் ரயிலில் வருகிறாள். செம்மண், மணல், கொஞ்சம் சிமென்ட். மெஷினில் போட்டு அழுத்தினால் கல். சூளை இல்லை, விறகு இல்லை. இருபத்தொரு நாள் தண்ணீர் குடித்தே கெட்டிப்பட வேண்டும். புது மண் வந்தால் ஒரு சிட்டிகை எடுத்துப் பல்லில் கடித்துப் பார்ப்பாள். நறநறத்தால் மணல், ஒட்டினால் களி. "அக்கா டிஃபன் துன்றாங்க" என்று களமே சிரிக்கும்.

சுடாத கல் நிற்குமா என்று கேட்பவர்களிடம், பங்காருபாளையத்து மாமரங்களைத் துண்டு போட்டுச் சூளைக்கு ஏற்றிப்போகும் லாரிகளைக் காட்டுவாள். "காய்க்கிற மரத்த எரிச்சி வூடு கட்டுவீங்க. அப்பறம் வெயில் தாங்கலன்னு ஏசி போடுவீங்க."

சென்ற ஐப்பசி மழையில் அவளுடைய கல்லால் கட்டிய சுவர் ஒன்று விழுந்தது. கொத்தனார் ஜெகநாதனின் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

"என் கல்லு அப்பிடி உடையாது" என்று கன்னிகா எல்லாரிடமும் அடித்துச் சொன்னாள். கல் சரி என்றால் கலவைதான் தப்பு. கலவை போட்டவள் ஜெகநாதனின் மனைவி தாட்சாயணி. அதன் பிறகு அவளை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. ஜெகநாதன் ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே அவளைப் பார்க்காமல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

தை மாதம் ஒரு நாள், ரயிலுக்கு ஓடும் அவசரத்தில் கன்னிகா முனிரத்னத்திடம் தன் அரைகுறைத் தெலுங்கில் "ஆரபெட்டு" என்று சொல்லிவிட்டுப் போனாள். மறந்த பையை எடுக்கத் திரும்பி வந்தால், அவன் சாக்குகளை உருவிவிட்டு, இன்னும் கெட்டிப்படாத பச்சைக் கற்களை வெயிலில் பரப்பிக்கொண்டிருந்தான்.

"அடப்பாவி, இன்னா பண்ற?"

"நுவ்வே கதக்கா, ஆரபெட்டமன்னாவு! நீதானக்கா சொன்ன. அன்னிக்கி உனக்கு ஜொரம் வந்தப்ப போன்ல சொன்ன மாதிரிதான்."

அவள் சொல்ல நினைத்தது 'ஆற வை': ஈரச் சாக்குக்கு அடியில் அப்படியே விட்டுவை. 'வை' என்பதற்குத் தெலுங்கில் 'பெட்டு' என்று அவளே மாற்றிப் போட்டுக்கொண்டாள். தெலுங்குக்காரர்களுக்கு 'ஆரபெட்டு' என்றால் வெயிலில் காயப்போடு. ஐப்பசிக்கு முன் அவள் காய்ச்சலில் கிடந்த பத்து நாளும் இப்படித் தண்ணீர் காணாமல் காய்ந்த கற்கள்தாம், அவள் வேலைக்குத் திரும்புமுன்பே அந்தச் சுவருக்குப் போயிருந்தன.

ரயிலை விட்டுவிட்டு ஜெகநாதனின் வாடகை அறைக்கு நடந்தாள். வாசலிலேயே நின்று சொன்னாள்:

"அண்ணா, கலவ மேல தப்பில்ல. கல்லுதான் தண்ணி காணல. நான்தான் தப்பா சொல்லிட்டேன்."

"மூணு மாசமா இவ கையால ஒரு வாய் வாங்கித் துன்னல நானு" என்றார் ஜெகநாதன். "இப்ப வந்து சொல்றியேம்மா."

பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த தாட்சாயணி எழுந்தாள். புடவையில் கைகளைத் துடைத்தாள். சிமென்ட் அரித்து வெடித்த உள்ளங்கைகள் இரண்டையும் திருப்பி வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

அந்தப் பக்கத்தில் இன்னமும் அவளைத்தான் குறை சொல்கிறார்கள். ரேணிகுண்டாவில் கட்டட வேலை செய்கிற யாரையாவது உங்களுக்குத் தெரிந்திருந்தால், தயவுசெய்து சொல்லிவிடுங்கள்: தாட்சாயணி போட்ட கலவை நல்ல கலவை.