பதவி போன பிறகு பிரபு என்ன செய்தார்

என் மகன் போலந்தில் ஒரு கிடங்கில் வேலை பார்க்கிறான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குப் போனில் கூப்பிடுவான்.

"சாப்பிட்டாச்சாப்பா?"

"ஆச்சு மக்கா. நீ தின்னியா?"

"தின்னேன்."

"அங்க குளிரு உண்டா?"

"உண்டு."

இரண்டு நிமிடத்தில் பேச்சு தீர்ந்துவிடும். பிறகு அடுத்த ஞாயிறு வரைக்கும் கோட்டாற்றில் இந்த வீட்டுக்குள் நான் மட்டும்தான். முன்பெல்லாம் போனை அவன் அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் பேப்பர் படிப்பேன். அவள் ஒரு மணி நேரம் பேசுவாள். என்னதான் பேசுவாளோ, ஒருநாளாவது காது கொடுத்திருக்கலாம். அவள் போன பிறகுதான் தெரிந்தது, பெற்ற பிள்ளையிடம் பேச எனக்கு ஒன்றுமே தெரியாது என்று.

பள்ளிக்கூடத்தில் வரலாறு எடுத்து ஓய்வு பெற்றவன் நான். ஒரு ஞாயிறு அவன் போனை வைக்கப் போகிற நேரத்தில், "நீ இருக்கப்பட்ட நாட்டுல ஒரு பிரபு இருந்தாரு, தெரியுமா?" என்று ஆரம்பித்தேன். அவன் வைக்கவில்லை.

பெரிய நிலக்காரக் குடும்பம். அப்போது போலந்து என்று ஒரு நாடே கிடையாது. மூன்று அரசுகள் ஆளுக்கொரு துண்டாகப் பங்கு போட்டுக்கொண்டிருந்தன. அதில் ஒரு துண்டை எடுத்த சக்கரவர்த்தியிடமே இவர் வேலைக்குச் சேர்ந்தார். முதலில் சொந்த மாகாணத்துக்கு ஆளுநர். பிறகு சக்கரவர்த்தியின் தலைநகர் வியன்னாவில் பிரதம மந்திரி. ஒரு பகுதியில் அதிகாரிகள் எல்லாரும் அங்கே வழங்கும் இரண்டு மொழியும் படித்தாக வேண்டும் என்று உத்தரவு போட்டார். அவ்வளவுதான், ஊரே தீப்பிடித்தது. சபையில் கேவலமாகப் பேசிய ஒரு உறுப்பினரைத் துப்பாக்கிச் சண்டைக்குக் கூப்பிட்டு, கையில் குண்டு வாங்கிக்கொண்டார்.

"பிரதம மந்திரியா? சும்மா அடிச்சு விடாதீங்கப்பா!"

"ஏலே, புத்தகத்துல இருக்குலே!"

கடைசியில் சக்கரவர்த்தி கைவிட்டார். வியன்னாக்காரர்களுக்கு இவர் 'அந்தப் போலந்துக்காரன்'. சொந்த ஜனங்களிலோ, சக்கரவர்த்திக்குக் கால் பிடித்தவன் என்று பேசியவர்கள் நிறைய. எங்கேயும் ஒட்டாமல் மனுஷன் ஊருக்குத் திரும்பினார்.

இதைச் சொல்லி முடிக்க எனக்கு ஏழு ஞாயிறு ஆயிற்று. போன் நாற்பது நிமிடம் ஓடும். சனிக்கிழமையே புத்தகத்தைப் புரட்டிக் குறிப்பு எடுத்து வைப்பேன். வகுப்புக்குப் போகிறவன் மாதிரி முகச்சவரம் வேறு. அவன் "பெறவு?" என்று கேட்கும்போது எனக்கு வயிறு நிறைந்துவிடும்.

ஆனால் பதவி போன பிறகு அவர் பல வருடம் உயிரோடு இருந்தார். அதற்குப் புத்தகத்தில் ஒரே வரி: எஞ்சிய காலத்தைத் தம் பண்ணையில் கழித்தார். எனக்குக் கோபம் வந்தது. பதவி போனால் மனுஷன் இல்லையா? காலையில் எழுந்து என்ன செய்தார், யாரோடு பேசினார்? அந்த ஒரு வரியை அப்படியே சொன்னால் கதை முடிந்துவிடும், மறுபடியும் குளிரு உண்டா என்று கேட்க வேண்டியதுதான். ஆகவே நானே இட்டுக்கட்டினேன். என் மாணவன் இப்படி எழுதியிருந்தால் முட்டை போட்டிருப்பேன்.

இன்னொரு பொய்யும் அப்போது ஓடிக்கொண்டிருந்தது. எனக்குச் சமைக்க வந்துகொண்டிருந்த பெண், மழை தொடங்கும்போதே இரணியலில் தன் மகள் வீட்டோடு போய்விட்டாள். மகனிடம் சொல்லவில்லை. சொன்னால் போட்டது போட்டபடி வந்து நிற்பான். அம்மா செத்தபோது அப்படி வந்துதான் முந்தைய வேலை போயிற்று. என்னால் இதுவும் போக வேண்டாம். "சமையலுக்கு அக்கா வந்தாவளா?" என்று கேட்டால், "வந்தா, வந்தா" என்பேன்.

எட்டாவது ஞாயிறு கதை பிரபுவின் சாப்பாட்டுக்கு வந்தது. விடியுமுன்பே எழுந்து, வர ஆளில்லாவிட்டாலும் கோட்டு மாட்டி உட்கார்ந்திருந்தார் என்றேன். மத்தியானம் பழைய மீன்குழம்பைச் சூடாக்கி, சட்டியிலேயே சோற்றைப் போட்டுத் தின்றார் என்றேன். தட்டு எடுத்தால் கழுவ வேண்டுமே.

அவன் சிரித்தான். "போலந்துப் பிரபு பழங்கொழம்பு தின்னாராப்பா? வேலைக்காரங்க எல்லாம் எங்க?"

"போயிட்டாவ."

சிரிப்பு நின்றது.

"அவருக்க மவன் எங்க?"

புத்தகத்தில் மகனைப் பற்றி ஒன்றும் இல்லை. "தூரத்துல. வேலை."

"அவனுக்குத் தெரியுமா, இவரு இப்படி ஒத்தைக்குக் கெடக்காருன்னு?"

"தெரியாது. சொல்ல மாட்டாரு."

"ஏன்?"

"சொன்னா வந்துருவான்லா."

அவன் பக்கத்தில் ஏதோ வண்டி போகும் சத்தம் கேட்டது. லைன் போய்விட்டதோ என்று போனைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தேன். போகவில்லை.

"அப்பா, நீங்க இன்னைக்கு என்ன தின்னிய?"

"மீன்கொழம்பு மக்கா."

"எப்ப வச்சது?"

எத்தனையோ இட்டுக்கட்டியவனுக்கு அந்த நேரத்தில் ஒரு பொய் வரவில்லை.

"வியாழக்கிழமை" என்றேன்.