தூண்டில் கம்பியில் இரண்டு பவளம்

ஜப்பான்காரன் காலத்தில், மலாயாவில் எங்கள் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு நின்றுபோயிருந்தது. நிரைகளுக்கு நடுவே மரவள்ளி நட்டிருந்தோம். சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்துப் போனார்கள். எங்கள் லயத்திலிருந்து போனவர்களில் ஒருவரும் அதுவரை திரும்பவில்லை. அடுத்த லாரிக்குக் குறிக்கப்பட்டவர்களில் என் மனைவியின் தம்பியும் ஒருவன். தாய் தகப்பன் போனபின் அவள்தான் அவனை வளர்த்தாள்.

பால்வெட்டு நிற்கும்வரை நான் ஸ்டோரில் பால் நிறுப்பவனாக இருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பாகான் டத்தோ பக்கம் தூண்டில் போடப் போவேன். அது தோட்டத்து ஆபீஸ் கணக்கரான பெரிய கிராணிக்குத் தெரியும். லாரி வருவதற்கு முதல் நாள் என்னைக் கூப்பிட்டு, ஜப்பான் அதிகாரியின் சமையலுக்கு மீன் கொடுத்துக்கொண்டிருந்த ஆள் மலேரியாவில் படுத்துவிட்டான், அந்த இடம் காலி என்றார். அதிகாரிக்குப் பிடித்தது சியாக்காப். கொடுவா மீனை நாங்களும் மலாய்க்காரர்களைப் போல அப்படித்தான் சொல்வோம்.

“நாளைக்குச் சாயங்காலம் லாரி கெளம்புறதுக்குள்ள மீன் வந்தா, பையன் இங்க இருப்பான். வரலன்னா லாரிலதான். என்னால அவ்வளவுதான் முடியும்லா.”

பாகான் டத்தோவில் பேராக் ஆறு கடலில் விழும் இடத்தில் தண்ணீர் எப்போதும் கலங்கல். இரையை மட்டும் மாட்டிப் போட்டால் மீனுக்குத் தெரியாது. அதனால் நான் கட்டும் முறை இது. பால் வடியும் மங்குக் கிண்ணத்தை மரத்தில் பிடித்து நிறுத்தும் கம்பியை எடுத்து நிமிர்த்தி, ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, இரண்டு முனையிலும் வளையம் வளைப்பேன். மேல் வளையத்தில் கயிறு, கீழ் வளையத்தில் தூண்டில். தூண்டில் கழுத்தில் கோழியின் வெள்ளை இறகும், பால் டின்னில் நறுக்கிய ஒரு தகடும். நடுக்கம்பியில் இரண்டு சிவப்பு மணிகள், தடையில்லாமல் ஓடும்படி. கயிற்றைச் சுண்டினால் மணிகள் ஒன்றோடொன்று மோதி டிக் டிக் என்னும். அந்தச் சத்தத்துக்குத்தான் சியாக்காப் வரும். கிட்ட வந்தபின் சிவப்பும் மினுக்கும் பார்த்துக்கொள்ளும்.

சண்டைக்கு முன்னால் ஈப்போவில் ஒரு கடையில் கண்ணாடி மணி வாங்குவேன். கடைசி இரண்டும் அதற்கு முந்தின மாதம் அலையாத்தி வேரில் சிக்கி அறுந்துபோயின. அன்று சாயங்காலம் ரப்பர் கொட்டையைக் கோத்துப் பார்த்தேன், மிதந்தது. குன்றிமணியில் துளை போட்டேன், பிளந்தது.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த என் மனைவி உள்ளே போய் விளக்கேற்றினாள். வெளியே வந்தபோது உள்ளங்கையில் இரண்டு பவளம் இருந்தது. தாலிப் பொட்டுக்கு இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாக இருந்தவை. பொட்டு நகராமலிருக்க அந்த இடங்களில் முடிச்சுப் போட்டிருந்தாள். புருஷன் உயிரோடு இருக்கும்போது எங்கள் சனத்தில் அதைச் சும்மா கழற்றுவதில்லை. கயிறு மாற்றுகிற நல்ல நாளில்கூட, கழற்றிய மணியைப் புதுக் கயிற்றில் ஏற்றிய பிறகுதான் தண்ணீர் குடிப்பார்கள். வேறு ஏதாவது தேடுகிறேன் என்றேன்.

“எங்க தேடுவீங்க? உங்களுக்கு ஒண்ணும் ஆகாது. அவனுக்குத்தான் ஆகும்.”

காலையில் ரப்பர் குழாயை டயராகச் சுற்றிய சைக்கிளில் நானும் மைத்துனனும் போனோம். கரையில் எனக்குப் பழக்கமான மலாய்க்காரர் தன் சிறு படகை, சம்பானை, கொடுத்தார். நான் துடுப்புப் போட்டேன், மைத்துனன் முன்னால் உட்கார்ந்து கயிறு விட்டான். கடல் ஏறிக்கொண்டிருந்தது. ஏற்றம் முடிந்து தண்ணீர் திரும்பினால் மீனும் வெளியே போய்விடும். வெயில் ஏறியும் ஒரு கடி இல்லை.

“சயாம்ல ஆத்து மீன் நெறையவாம் மாமா” என்றான். நான் சிரிக்கவில்லை.

இரையாக மாட்டிய இறாலை மாற்றக் கயிற்றை இழுத்தபோது பார்த்தேன். கம்பியில் ஒரே ஒரு மணிதான் இருந்தது. நான் சம்பானைச் சேற்றிலிருந்து தள்ளிக்கொண்டிருந்தபோது மற்றதைக் கழற்றிச் சாரத்து முனையில் முடிந்து வைத்திருக்கிறான்.

“அறுந்துபோச்சுன்னா அக்காவுக்கு ஒண்ணாவது மிஞ்சணும். உங்களுக்காகத்தான் மாமா.”

“ஒத்த மணி எதுல மோதும்டா? காலையிலேருந்து ஊமைத் தூண்டில் போட்டுக்கிட்டு இருக்கோம். அவிழு.”

அவன் முடிச்சைக் கையால் மூடிக்கொண்டான். தண்ணீர் ஏறுவது ஏறக்குறைய நின்றுவிட்டது. கரையோர வேர்களில் நுரை அசையாமல் கிடந்தது.

“உங்கக்கா அதை என் முன்னாலதான் கழட்டுனா. எனக்கே பயமில்ல, ஒனக்கென்ன?” என்றேன். துடுப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் சொன்னேன். அவன் என் கையைப் பார்த்தான். பிறகு அவிழ்த்தான்.

வளையத்தைப் பிரித்து இரண்டாவது பவளத்தையும் ஏற்றி விட்டோம். அவன் சுண்டிச் சுண்டி இழுத்தான். தண்ணீர் திரும்பத் தொடங்கி, சம்பான் மெல்ல வளைந்தபோது கயிறு விறைத்தது. மீன் நேராக வேர்களைப் பார்த்து ஓடியது. உள்ளே நுழைந்தால் மீனும் போகும், மணிகளும் போகும், அவனும் போவான். நான் எதிர்ப்பக்கம் துடுப்பை வலித்தேன். கயிறு அவன் விரல்களை அறுத்தது, விடவில்லை. மீனைச் சம்பானுக்குள் இழுத்துப் போட்டதும், அதன் வாயோரம் குனிந்து கம்பியைத் தொட்டுப் பார்த்தான்.

“ரெண்டும் இருக்கு மாமா.”

வழியில் காவல் சிப்பாய்க்குக் குனிந்து நின்றோம். அவன் சாக்கை விலக்கி மீனைப் பார்த்தான். பிறகு கம்பியை எடுத்துக் காதருகே ஆட்டினான். டிக் டிக் என்றது. இன்னொரு முறை ஆட்டினான். சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டால் கேட்க முடியாது. சிப்பாய் கம்பியை மீன்மேல் எறிந்துவிட்டுப் போகச் சொன்னான்.

ஆபீசுக்கு முன்னால் லாரி இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. கிராணி மீனைச் செவுளில் பிடித்துத் தூக்கி உள்ளே கொண்டுபோனார். திரும்பி வந்து, அவனை ஓரமாக நிற்கச் சொன்னார். லாரியில் இருந்தவர்கள் எல்லாரும் எங்களுக்குத் தெரிந்தவர்கள். அது போகும்வரை அவன் தலை நிமிரவில்லை.

“ஜப்பான் துவான் நாளான்னிக்கும் மீன் கேப்பாரு” என்றார் கிராணி.

வீட்டில் என் மனைவி புதுக் கயிற்றில் மஞ்சள் தடவி, பவளம் கோக்கக் காத்திருந்தாள். தம்பியைப் பிடித்து உட்கார வைத்து, விரல்களுக்கு மஞ்சள் வைத்துக் கட்டினாள். கிராணி சொன்னதை நான் சொன்னேன். அவள் புதுக் கயிற்றைச் சுருட்டிப் பெட்டியில் வைத்தாள்.

ஜப்பான்காரன் போகும்வரை அந்த மணிகள் கம்பியிலேயே இருந்தன. அவள் கழுத்தில் இரண்டு முடிச்சு. நாங்கள் கடலிலிருந்து திரும்பும்போதெல்லாம் வாசலுக்கு வந்து நிற்பாள். மீனைக் கேட்கமாட்டாள், கம்பியை நீட்டச் சொல்வாள்.