சத்தமே இல்லாத மாடல்

தொழிற்சாலையில் அவளைக் காதுக்காரி என்றுதான் கூப்பிட்டார்கள். வீடியோ கேம் பெட்டிகள் தயாராகும் இடம் அது. வெளிச்சத்தம் நுழையாத சின்ன அறையில் உட்கார்ந்து, பெட்டிகளை ஓடவிட்டுக் காதால் கேட்டு, பச்சை ஸ்டிக்கர் ஒட்டி அனுப்புவது அவள் வேலை. மைக் வைத்த கருவியும் இருந்தது. ஆனால் அது ஃபேன் இரைச்சலை அளக்க மட்டுமே பழகியது. மற்றதற்கெல்லாம் கம்பெனி நம்பியது அவள் காதை.

அவள் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் பெட்டிக்குள் சுழல்வது எதுவுமே கிடையாது. கேசட்டைச் செருகினால் விளையாட்டு ஓடும். அப்போது அவள் திருகாணி முடுக்கிக்கொண்டிருந்தாள். பிறகு டிஸ்க் வந்தது, மோட்டார் கரகரத்தது. படம் நிஜம்போலத் தெரியத் தெரிய உள்ளே சூடு ஏறியது. சூட்டைத் தணிக்க வைத்த ஃபேன் ஓலமிட்டது. இந்த அறையைக் கட்டி அவளை உட்காரவைத்தது அப்போதுதான்.

இப்போதைய மாடலில் டிஸ்க்கே இல்லை. பெரிய ஃபேன் மெதுவாகச் சுற்றுகிறது. கேட்பதற்கு ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாமைதான் கொஞ்ச நாளாக அவளை உறுத்தியது. வீட்டில் அடுப்பு டைமர் கத்தி ஓய்ந்ததும் தெரியாமல் நின்றாள். கம்பெனிக்குக் காதை விற்றுவிட்டாள் என்று கணவன் கேலி செய்தான். அவளும் சேர்ந்து சிரித்தாள், பாவம்.

அன்று பேக்கிங் பிரிவில் இருக்கும் நாத்தனார் டீக்குக் கூப்பிட வந்தவள், கதவைச் சாத்தியதும் முகத்தைச் சுளித்தாள்.

"எப்படி அண்ணி இதுக்குள்ள இருக்கீங்க? காதுல கொசு பூந்த மாதிரி இருக்கு."

காதுக்காரி பெட்டியை அணைத்தாள். நாத்தனாரின் முகம் தெளிந்தது. மறுபடி போட்டாள், முகம் சுளித்தது. அடுத்த பெட்டியிலும் அப்படியே. அவளுக்கோ ஆழ்கிணற்றுக்குள் இருப்பதுபோல அமைதி.

புது மாடல் இழுக்கும் மின்சாரத்துக்கு, உள்ளே இருக்கும் காயில் என்ற கம்பிச்சுருள் சில சமயம் மெல்லிசாகக் கீச்சிடும் என்று பயிற்சியில் எச்சரித்திருந்தார்கள். என் காதுக்குத் தப்புமா என்று அன்று அவள் மார்தட்டியிருந்தாள்.

சூப்பர்வைசர் எட்டிப்பார்த்து, லாரி காத்திருக்கிறது, ஏற்றலாமா என்று கேட்டார். மேசைக்கடியில் நாத்தனார் அவள் கையை இறுக்கிப் பிடித்தாள். வாயைத் திறக்காதே என்று அந்தப் பிடி கெஞ்சியது. காது போன காதுக்காரிக்கு இந்த உலகத்தில் என்ன பெயர்?

கையை விடுவித்துக்கொண்டாள்.

"ஏத்தாதீங்க சார். பெட்டி கத்துது. எனக்குத்தான் கேக்கலை."

அவர் கோபப்படவில்லை. சுவரோரம் அடுக்கியிருந்த பெட்டிகளின் பச்சை ஸ்டிக்கர்களையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"எப்பலேர்ந்தும்மா கேக்கலை?"

அவளுக்குத் தெரியவில்லை.