மழைக்கு ஒரு பஸ்

செல்வராணிக்கு நாற்பத்தாறு வயது. வீடு கூலாயில், வேலை துறைமுக ஊரான பாசிர் கூடாங்கில். தொழிற்சாலை ஆட்களை ஏற்றி இறக்கும் ஒரு பஸ் கம்பெனியில் பதினொரு வருஷம் டெலிபோன் பார்த்தாள். ஷிப்டு முடியும் நேரத்தில் டிரைவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, "அண்ணே, மூணாம் கேட்டுக்கு வந்துருங்க" என்று சொல்ல வேண்டும். மறுமுனையில் மணி அடிக்கும்போதே ஜன்னலுக்கு வெளியே துறைமுகத்து மேகங்களோடு எங்கோ போய்விடுவாள். டிரைவர் இரண்டு தடவை ஹலோ சொன்ன பிறகுதான் நினைவு வரும்.

பிறகு கணினி வந்தது. இனி இவளுக்கு வேலை இருக்காது என்று ஆபீசில் பேசிக்கொண்டார்கள். முதலாளி தியாகராஜனோ அவளையே அதன் முன்னால் உட்கார வைத்தார்.

"யாரை எப்போ கூப்பிடணும்னு உனக்குத்தான் லா தெரியும், ராணி. அதையே மிஷினுக்குச் சொல்லிக் கொடு."

மூன்று மாதம் கற்றுக்கொண்டாள். தொழிற்சாலையில் ஷிப்டு முடிந்ததும் அங்கிருக்கும் கணினி தானாகவே ஒரு செய்தி அனுப்பும். வெப்ஹூக் என்பது அதற்குப் பெயர். இன்ன செய்தி வந்தால் இன்ன வேலை நடக்க வேண்டும் என்று விதி எழுதுவது செல்வராணியின் பொறுப்பு. அவள் விதிப்படி ஒரு செய்தி ஆறு வேலைகளாகப் பிரியும். மூன்று பஸ் நிலையங்களில் இருக்கும் மூன்று கணினிகள், எது சும்மா இருக்கிறதோ அது ஒன்றை எடுத்துக்கொண்டு, ஒரு டிரைவரின் போனுக்குத் தகவல் சொல்லும். ஆறு வேலை, ஆறு பஸ். யாரும் யாரையும் கூப்பிடாமல் பஸ்கள் தாமாகக் கிளம்பிப் போவதைத் திரையில் புள்ளிகளாகப் பார்க்க அவளுக்கு அலுக்கவே இல்லை. குளத்தில் கல் விழுந்து வட்டம் விரிவது போல இருந்தது.

போன நவம்பரில் ஒரு பிற்பகல், மூன்று மணிக்கு நல்ல மழை. டிரைவர் ஒருவர் போன் செய்தார்.

"அலமாக், ராணி! கேட்டுல வந்து பாரு."

காரை எடுத்துக்கொண்டு போனாள். தொழிற்சாலை கேட்டுக்கு வெளியே மழைப் புகைக்குள் பதினெட்டு பஸ்கள் வரிசையாக, விளக்கு எரிய நின்றன. முதல் ஆறில் ஷிப்டு ஆட்கள் ஏறிக்கொண்டிருக்க, மற்றவற்றில் டிரைவரைத் தவிர ஆளில்லை. வைப்பர்கள் மட்டும் ஆடிக்கொண்டிருந்தன. தப்பு நடந்திருக்கிறது என்று தெரிந்தும் அந்த அழகிலிருந்து அவளால் கண்ணை எடுக்க முடியவில்லை.

மோட்டார் சைக்கிளில் வேலைக்கு வரும் பெண்கள் ஷெட்டுக்குள் ஒதுங்கி நின்றார்கள். மழை நாளில் பாலத்தடிவரை நனைந்து போய், அங்கே மழை விடும்வரை காத்திருப்பது அவர்கள் வழக்கம். அவர்களில் பேச்சியம்மாள் என்பவள் கேட்டாள்.

"அக்கா, இதெல்லாம் எங்களுக்கா?"

செல்வராணி யோசிக்கவே இல்லை. "ஏறுங்க."

முப்பது பேருக்கு மேல் ஏறினார்கள். பேச்சியம்மாள் ஜன்னலோரம் உட்கார்ந்து, பஸ் நகரும் முன்பே தூங்கிப்போனாள்.

அதே நேரத்தில் வேறொரு தொழிற்சாலையில் நூறு பேர் பஸ் இல்லாமல் நாற்பது நிமிஷம் நின்றார்கள். தியாகராஜன் போனில் கத்தினார்.

மறுநாள் காரணம் தெரிந்தது. மழையில் லைன் மெதுவாகிவிட்டது. "கிடைத்தது" என்று இங்கிருந்து போகும் பதில் போய்ச்சேரத் தாமதமானதால், தொழிற்சாலைக் கணினி அதே செய்தியை மூன்று தடவை அனுப்பியிருந்தது. மூன்றையும் புதுச் செய்தியாக எடுத்துக்கொள்ளும்படி விதி எழுதியவள் செல்வராணிதான். ஒவ்வொரு செய்திக்கும் ஓர் எண் உண்டு; திரும்ப அனுப்பினாலும் அது மாறாது. அதை அவள் கவனிக்கச் சொல்லவில்லை. விதியைத் திருத்தினாள். செய்தி வந்ததும் முதலில் பதில், அப்புறம்தான் வேலை. ஏற்கெனவே வந்த எண் என்றால் பதில் மட்டும் போதும்.

திருத்தி முடித்தும் எழுந்திருக்க மனம் வரவில்லை. முதலாளி அறைக்குப் போனாள்.

"போஸ், தொழிற்சாலைக் கூரையில மழை அளக்கிற கருவி இருக்கு. மழை பேஞ்சா அதுவும் செய்தி அனுப்புமாம். அந்தச் செய்தி வந்தா ஒரே ஒரு பஸ் கூடுதலா போற மாதிரி எழுதலாமா? மோட்டார்ல வர்றவங்களுக்கு."

"ஒரு பஸ்தானே? பதினெட்டு இல்லையே?"

"ஒண்ணுதான் போஸ்."

"ஒரு மாசம் பாப்போம் லா."

முதல் மழைக்கு நான்கு பேர்தான் ஏறினார்கள். விஷயம் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. அடுத்த மழைக்குப் பத்தொன்பது பேர். மாதம் முடிந்தது. நிறுத்தச் சொல்லி யாரும் வரவில்லை, அவளும் போய்க் கேட்கவில்லை. இப்போதும் மூன்று மணிக்கு வானம் இருட்டினால் செல்வராணி மற்ற வேலையை நிறுத்திவிட்டுத் திரையைப் பார்க்கிறாள். ஆறு புள்ளிகள் நகர்ந்து போகின்றன. சற்றுப் பொறுத்து, ஏழாவது.