பூங்காச் சிலைக்குக் கொண்டுபோன மஞ்சள்

காலை ஆறு மணி. முருகனைக் கும்பிட்டுவிட்டு இண்டூரில் பேருந்து ஏறினேன். மடியில் ஒரு எவர்சில்வர் டப்பா. உள்ளே அரைத்த மஞ்சள். பென்னாகரத்தில் வண்டி மாறினேன். அங்கிருந்து ஒகேனக்கல் பதினாறு கிலோமீட்டர்.

மீன் எடுக்கப் போகிற அம்மா ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து டப்பாவை எட்டிப் பார்த்தார்.

“வெள்ளத்தம்மனுக்காண்ணா? யாரு அரைச்சது?”

“நான்தாம்மா.”

“அதான் ரவை ரவையா கெடக்குது!”

நானும் சிரித்து வைத்தேன். அரைத்துக் கொடுக்க வீட்டில் ஆள் இல்லை என்று சொல்லவில்லை.

என் மனைவி சரசு ஆற்றோரத்துத் தாய்வீட்டுக்குப் போயிருந்தபோது பெரிய வெள்ளம் வந்தது. கட்டியிருந்த கன்றை அவிழ்க்கத் திரும்பியவளை ஆறு கொண்டுபோய்விட்டது. உடல் கிடைக்கவில்லை. புருஷன் இருக்கும்போதே சாகிறவளை மஞ்சள் பூசித்தான் அனுப்ப வேண்டும். அது அவளுக்கு நடக்கவில்லை. பூங்காவில் இருக்கும் வெள்ளத்தம்மனுக்குப் பூசினால் அவளுக்குப் போய்ச் சேரும் என்று ஊரில் சொன்னார்கள். அதனால்தான் கிளம்பினேன்.

ஏழே முக்காலுக்கு இறங்கினேன். மீன் வறுவல் கடைகளைத் தாண்டினால் ஆற்றோரப் பூங்கா. நுழைவுச்சீட்டு பத்து ரூபாய். வந்தவர்கள் எல்லாம் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். “எத்தனை பேருங்க?” என்று சீட்டுக் கொடுப்பவர் என் முதுகுக்குப் பின்னால் பார்த்தார். ஒருவர்தான் என்றேன்.

ஆளுயரச் சிலை. சிமெண்ட் அலைக்குள் இடுப்பளவு நிற்கும் ஒரு பெண், குழந்தையை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருக்கிறாள். வெள்ளம் ஏறிய மட்டத்துக்கு அவள் தோளில் ஒரு நீலக்கோடு. காவலாளி குழாயைப் பிடித்து அவள் முகத்து மஞ்சளைக் கழுவிக்கொண்டிருந்தார்.

“இது சாமியில்லீங்க. வெள்ளத்துல போனவங்க ஞாபகமா வெச்ச சிலை. சொன்னா யாரு கேக்கறாங்க? வர்றவங்க தெனம் பூசறாங்க, நான் தெனம் கழுவறேன்.”

அம்மன் இல்லையென்றால் இதை யாரிடம் கொடுத்தனுப்புவது? டப்பாவைத் திறக்காமல் நின்றேன். பிறகு சொன்னேன்: “போனவங்கள்ல எங்கூட்டுக்காரியும் ஒருத்திங்க.”

அவர் குழாயை மூடினார்.

“பூசுங்கண்ணா. ஆனா நாளைக்கு எட்டு மணிக்குக் கழுவிடுவேன்.”

“கழுவுற தண்ணி எங்கீங்க போவுது?”

அவர் கையைக் காட்டினார். புல்லோரமாக ஒரு சின்னக் கால்வாய், நேரே போய் ஆற்றில் விழுந்தது.

முகம், கழுத்து, இரண்டு கை எல்லாம் பூசினேன். ரவை ரவையாகத்தான் ஒட்டியது.

இண்டூரில் ஆற்றுச் சத்தம் இல்லை, போர் மோட்டார் சத்தம்தான். மறுநாள் காலை குளித்து, எட்டு மணிக்கு ஒகேனக்கல் இருக்கிற மேற்குப் பக்கம் பார்த்துக் கைகூப்பி நின்றேன். இந்நேரம் அவர் குழாயைத் திறந்திருப்பார்.