வயிற்றில் கோடு இல்லாத ஏழு

கரையாம்புத்தூர் வேணு கரும்பு பயிரிட்டவர். படித்தது எட்டாம் வகுப்பு. அதுவும் பிரெஞ்சு எல்லைக்கு அந்தப் பக்கம், ஆங்கிலேயர் ஆண்ட தென்னார்க்காட்டுப் பள்ளியில். அண்ணன் மணவாளனும் அங்கேதான் படித்தார். ஒருவர் இரண்டு எண்களைப் பெருக்கி விடையை மட்டும் சொல்வார். மற்றவர் அந்த இரண்டையும் கண்டுபிடிக்க வேண்டும். அவர்களுக்கு வேறு விளையாட்டு இருந்ததில்லை.

1955இல் வாய்க்கால் தண்ணீருக்காக இருவருக்கும் சண்டை. அண்ணன் சைகோனுக்குப் போய் ஒரு பிரெஞ்சுக் கம்பெனியில் எழுத்தரானார். பன்னிரண்டு வருடம் கடிதமில்லை. பிறகு ஒன்று வந்தது, தேதிகூட இல்லாமல்.

"தம்பி, ரெண்டு பகா எண்ணைப் பெருக்கி அனுப்பியிருக்கேன். அது ரெண்டும் இன்னான்னு எழுது. பதில் வந்தா கப்பல் ஏறுறேன்."

கீழே ஒரே ஓர் எண். வேணு அதை 524287 என்று படித்தார்.

இரண்டில் சின்னது 724க்குள் இருந்தாக வேண்டும். 725ஐ 725ஆல் பெருக்கினாலே எண்ணைத் தாண்டிவிடும். 719 வரை நூற்றிருபத்தெட்டு பகா எண்கள். நெற்களத்தின் சிமெண்டுத் தரையில் கரித்துண்டால் ஒவ்வொன்றாக வகுத்தார். எல்லாவற்றிலும் மீதி நின்றது.

"நெல்லு காயவெக்க எடமில்ல, தரை பூரா கரி. உங்க அண்ணன் அங்கேர்ந்தே வூட்டைக் கெடுக்கறாரு" என்றாள் மனைவி தையலம்மாள்.

மூன்று முறை வகுத்துப் பார்த்தார். ஒருநாள் எண்ணோடு ஒன்றைக் கூட்டினார். 524288. அதைப் பாதியாக்க, பாதியாக்க, பத்தொன்பதாவது தடவையில் மிச்சமில்லாமல் ஒன்றில் வந்து நின்றது. இப்படி ஓர் எண் தற்செயலாக அமையாது, அண்ணன் வேண்டுமென்றே பொறுக்கி எடுத்துத் தன்னை முட்டாளாக்கியிருக்கிறார் என்று வேணு முடிவு செய்தார். "இதை எதாலும் வகுக்க முடியாது. நீ பொய்யன். வர வேணாம்" என்று எழுதிப் போட்டார். பதில் வரவில்லை.

1970இல், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்ற சுப்பராயலு பென்ஷன் தாளில் பிறந்த வருடம் எழுதுவதை வேணு பக்கத்திலிருந்து பார்த்தார்.

"இன்னா மாமா, ஏழாயிரத்துத் தொள்ளாயிரத்து எழுவத்தேழுலயா பொறந்தே?"

"போடா, அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொண்ணு. பிரெஞ்சு எழுத்துல ஒண்ணுக்கு மேல கொக்கி இருக்கும். ஏழுன்னா வயித்துல ஒரு கோடு போடுவோம்."

வேணு வீட்டுக்குப் போய்க் கடிதத்தை எடுத்தார். கடைசி இலக்கத்தின் வயிற்றில் கோடு இல்லை. 524281. திரும்பவும் வகுக்கத் தொடங்கினார். 269இல் மீதி இல்லை. 269ஐ 1949ஆல் பெருக்கியிருந்தார் அண்ணன்.

விடையையும் மன்னிப்பையும் அன்றே எழுதி அனுப்பினார். மூன்று மாதத்தில் கடிதம் திரும்பி வந்தது, அந்த முகவரியில் ஆள் இல்லை என்று. மறுபடி எழுதினார். அதுவும் திரும்பியது.

1975இல் சைகோனிலிருந்து பலர் ஊர் திரும்பினார்கள். பாகூருக்கு வந்த நடேசன் என்பவர் மணவாளனுக்கு அடுத்த வீட்டில் இருந்தவர். வேணு தேடிப் போனார்.

"மூட்டையெல்லாம் கட்டி வச்சிருந்தாருங்க, ஊருக்குப் போறேன்னு. ஏதோ ஒரு லெட்டர் வந்துச்சு. மறுநாளே வூட்டைக் காலி பண்ணிட்டாரு. எங்கன்னு யார்கிட்டயும் சொல்லல."

"லெட்டர்ல இன்னா இருந்துச்சுன்னு சொன்னாரா?"

"இல்லீங்களே. யார் எழுதினதோ."

வேணு, நடேசன் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு பஸ் ஏறினார்.