டிக்கியை முகர்ந்தவர்

ஆம்பூர் பைபாஸ் ஓரம் வேனுக்குள் கம்ப்யூட்டர் வைத்து, கார்களுக்குப் புகைச் சான்றிதழ் தருகிறவர் அவர். ஒல்லி உடம்பு, சலவை மடிப்பு கலையாத வெள்ளைச் சட்டை, எதையும் மோந்து பார்க்கும் மூக்கு.

நான் புதிதாக வாங்கிய பழைய காரின் புகையைச் சோதித்து முடித்தவர், டிக்கியைத் திறந்து தலையை உள்ளே விட்டார்.

"இதுல தோல் ஷாப்புக்கு உப்பு போட்ட பச்சை மாட்டுத்தோல் ஏத்தியிருக்காங்க சார். உப்புத்தண்ணி எறங்கி பிரேக் பைப்பை அரிச்சிருக்கும். மெக்கானிக்கிட்ட காட்டிடுங்க."

எனக்கோ, விற்றவர் தொங்கவிட்டிருந்த மல்லிகை செண்ட்தான் மணத்தது. யாரோ மெக்கானிக்கிடம் இவருக்கு கமிஷன் இருக்கிறது என்று முடிவுகட்டினேன்.

"எந்த மெக்கானிக்கிட்ட போகணும்?" என்றேன் குத்தலாக.

"இன்னா சார் நீங்க! உங்களுக்குத் தெரிஞ்ச ஆள்கிட்டயே காட்டுங்க."

அவர் சொன்னது பொய் என்று நிரூபிக்கவே வாலாஜாபேட்டையில் என் மெக்கானிக்கிடம் காரை விட்டேன். அவன் அடியில் படுத்து விரலால் அழுத்தியதும், பிரேக் பைப் பொறை பிஸ்கட்போல் உதிர்ந்தது. தினமும் என் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிப்போகும் கார் அது.

மறுவாரம் அதே காரில் வேன்காரருக்கு நன்றி சொல்லப் போனேன்.

"பைப்பை மாத்திட்டேங்க."

என் முகத்தை ஒரு கணம் பார்த்தார். அந்த வெள்ளைச் சட்டையோடு தரையில் மல்லாந்து, புதுப் பைப்பைத் தன் கண்ணால் பார்க்கக் காருக்கடியில் நுழைந்தார்.